தலைப்பில் தொலைந்த முயல்

தேங்காய் எண்ணெய் நஞ்சா அமிர்தமா என்று தமிழர்கள் கூடுமிடமெல்லாம் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கோயில் மண்டபம், கலியாண வீடு, வட்ஸ்அப் குழுமம் என்று இடம் மாறினாலும் வழக்கு மாறுவதில்லை. இரு தரப்பாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது ஒரு முயலைத்தான். எண்ணெய் ஊட்டிய முயலின் நாடிகள் அடைத்துப் போயின, ஆகவே நமது நாடிகளும் அடைக்கும் என்கிறார் ஒருவர். முயல் புல் தின்னும் பிராணி, அதன் சாட்சியம் செல்லாது, கொலஸ்ட்ரோல் என்பதே மருந்துக் கம்பனிகளின் புனைகதை என்கிறார் மற்றவர். அந்த முயலுக்கு உண்மையில் என்ன ஊட்டப்பட்டது, எவ்வளவு ஊட்டப்பட்டது, எதனுடன் கலந்து ஊட்டப்பட்டது என்று இருவரில் ஒருவரும் விசாரித்ததில்லை. இதுவே என் குற்றச்சாட்டு.

குற்றஞ்சாட்டுமுன் என் பங்கை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1990களின் நடுப்பகுதியில் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் இரவுப் பணி. ஓரிரவு, தேங்காய் எண்ணெய் ஊட்டப்பட்ட முயல்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் ஏறியதைப் பற்றிய ஐந்து பந்திச் செய்தியொன்று வந்தது. நான் எழுதிய தலைப்பில் முயல் இருந்தது. இரண்டு பத்தி அகலத்துக்குள் அது அடங்கவில்லை. செய்தி ஆசிரியர் முயலை வெட்டினார். தேங்காய் எண்ணெயால் மாரடைப்பு அபாயம், விஞ்ஞானிகள் எச்சரிக்கை என்று மறுநாள் வெளிவந்தது. கடைசி இரண்டு பந்திகள் ஒரு விளம்பரத்துக்கு இடம்விட்டு ஒதுங்கின. முயல் விரிவாக இருந்தது அந்த இரண்டு பந்திகளிலேதான். எஞ்சியதில் 'பரிசோதனைகளின்போது' என்ற ஒற்றைச் சொல் மட்டும் நின்றது. நான் ஆட்சேபிக்கவில்லை. நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அதைவிட, முயலில்லாத தலைப்பு எடுப்பாக இருக்கிறது என்றே எனக்கும் தோன்றியது.

அடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது திருவலை அடுக்களையின் மூலையில் துணி சுற்றிக் கிடந்தது. "தம்பி, உங்கட பேப்பரிலதானே போட்டிருந்தது? பெரியப்பாவுக்கு இனித் தேங்காய் ஒன்றும் வேண்டாம்" என்றார். பெரியப்பாவுக்கு அவ்வாண்டுதான் நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டிருந்தார். சம்பல் போயிற்று, சொதி போயிற்று. காலையில் பாணுக்குப் பூசக் கட்டி மாஜரின் வந்தது. மரக்கறி எண்ணெயிற் செய்தது, இதயத்துக்கு நல்லது என்று பெட்டியிலேயே எழுதியிருந்ததாம்.

அக்காலத்தில் உலகெங்கும் விற்பனையான கட்டி மாஜரின்களிற் பல, திரவ எண்ணெயில் ஐதரசனை அரைகுறையாக ஏற்றிக் கெட்டியாக்கப்பட்டவை. அப்படிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, இரத்தத்திற் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் ஆகிய இருவரும் 1990இலேயே அறிவித்திருந்தனர். அது முயலில் நடந்ததன்று. உணவூட்டிப் பார்த்தது மனிதர்களுக்கு. 2003இல் டென்மார்க் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் இக்கொழுப்பை உணவிலிருந்தே ஒழிக்கும்படி நாடுகளைக் கேட்டது. மனிதரைப் பற்றிய அந்த 1990ஆம் ஆண்டுச் செய்தியை நாங்கள் வெளியிட்டதாக எனக்கு நினைவில்லை. முயலின் செய்தியை மனிதரின் செய்தியாக்கி வெளியிட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகுதான், மிகத் தாமதமாக, இந்த முயல் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். நான் கலைப்பட்டதாரி, இரசாயனம் எனக்குப் பள்ளிக்கூடத்துடன் முடிந்த பாடம். ஆயினும் இந்தக் கதையை விளங்கிக்கொள்ள இரசாயனத்தைவிடப் பொறுமையே அதிகம் தேவைப்பட்டது.

கதை ரஷ்யாவில், சென்பீற்றர்ஸ்பேர்க் நகரின் இராணுவ மருத்துவக் கல்விக்கூடத்தில் தொடங்குகிறது. 1908இல் இக்னத்தோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சியும் முட்டையும் பாலும் ஊட்டினார். நாடிச் சுவர்கள் தடித்தன. இறைச்சியிலுள்ள புரதமே காரணம் என்று அவர் நினைத்தார். அது பிழை. 1913இல் நிக்கொலாய் அனிச்கோவ் என்ற இளைஞரும் சலாட்டோவ் என்ற அவரது சகாவும் தூய கொலஸ்ட்ரோலை மட்டும் பிரித்தெடுத்து எண்ணெயிற் கரைத்து ஊட்டினர். முயல்களின் பெருநாடியிற் கொழுப்பு படிந்தது. வெறும் எண்ணெயை மட்டும் பெற்ற முயல்களில் அது நேரவில்லை. அந்த எண்ணெய் தேங்காய் எண்ணெயன்று, சூரியகாந்தி எண்ணெய். மேடைதோறும் தேங்காய்க்கு எதிராக முயலை இழுப்போரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் அனிச்கோவ் செய்தது அற்பமான வேலையன்று. நாடி தடித்தல் முதுமையோடு தானாக வரும் தேய்வு என்று மருத்துவ உலகு நம்பியிருந்த நாளில், அதற்கென ஒரு பொருட்காரணத்தைச் சுட்டிக்காட்டி, படிவு எப்படித் தொடங்கி எப்படி வளர்கிறது என்று கண்ணாற் பார்த்து எழுதியவர் அவர். உலகம் அதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அதற்கு ஒரு காரணம், பிறர் அதே பரிசோதனையை எலியிலும் நாயிலும் செய்துபார்த்து ஒன்றும் நேராததைக் கண்டது. எலியும் நாயும் உண்ணும் கொலஸ்ட்ரோலைப் பித்த அமிலங்களாக்கி இலகுவாக வெளியேற்றிவிடும். முயலால் அது இயலாது. சாதாரணமாக நூறுக்குக் கீழே இருக்கும் அதன் கொலஸ்ட்ரோல் அளவு, ஊட்ட ஊட்ட ஆயிரத்தைத் தாண்டும். நாயின் நாடியைக் கெடுக்க வேண்டுமானால் முதலில் அதன் தைரொயிட் சுரப்பியை மருந்தால் அடக்க வேண்டும் என்பதை 1946இல் ஸ்ரைனரும் கெண்டலும் நியூயோர்க்கிற் காட்டினர்.

ஆகவே 'விலங்குகளில் நிரூபிக்கப்பட்டது' என்ற வாக்கியத்துக்குத் தனியே பொருளில்லை. எந்த விலங்கில்? முயலென்றால் ஆம், எலியென்றால் இல்லை. இரண்டும் ஒரே ஆய்வுகூடத்தின் அடுத்தடுத்த கூண்டுகளில் இருந்திருக்கக்கூடும். பன்றியும் குரங்கும் இவ்விடயத்தில் மனிதருக்கு அண்மையில் நிற்பவை. அவற்றை வளர்க்கச் செலவு அதிகம், முயல் மலிவு. விஞ்ஞான வரலாற்றில் முயல் இத்தனை பெரிய இடத்தைப் பிடித்ததற்கு அதன் விலையும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

சரி, எண்ணெய்களுக்கு வருவோம். ஒவ்வோர் எண்ணெயாக எடுத்துக் கொலஸ்ட்ரோலுடன் கலந்து முயலுக்கு ஊட்டிப் பார்ப்பதை வாழ்நாட் பணியாகவே செய்தவர் அமெரிக்காவின் டேவிட் கிறிற்செவ்ஸ்கி. 1971இல் அவரும் சகாக்களும் கண்டது நிலக்கடலை எண்ணெய் பற்றியது. நிரம்பாத கொழுப்பே மிகுந்திருக்கும் எண்ணெய் அது. கணக்குப்படி நல்லபிள்ளையாக நடந்திருக்க வேண்டும். முயலின் நாடியை அது எதிர்பாராத அளவுக்குக் கெடுத்தது. பின்னர் 1973இல் அதே எண்ணெயின் கொழுப்பமிலங்களை மூலக்கூறுக்குள் இடம் மாற்றி அடுக்கி ஊட்டியபோது கேடு குறைந்தது. ஒரு கொழுப்பமிலமும் கூட்டப்படவில்லை, குறைக்கப்படவில்லை; அமர்ந்திருந்த ஒழுங்கு மட்டும் மாறியது. 'நிரம்பியது கெட்டது, நிரம்பாதது நல்லது' என்ற இரண்டு வரிச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது? தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடலை எண்ணெயிற் சமைத்தவர்களுக்கு அதிர்ஷ்டம், அந்த ஆய்வு யாருடைய தலைப்பிலும் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் என்னைப் போன்ற ஓர் உதவி ஆசிரியன் அன்றிரவே செக்குகளை மூடவைத்திருப்பான்.

தேங்காய் எண்ணெய்க்கு வந்த வினை வேறுவிதமானது. 1950களின் பிற்பகுதியில் சுவீடனில் மல்ம்ரோஸ், விகண்ட் ஆகியோர் கொலஸ்ட்ரோல் சேர்க்காமலேயே, ஐதரசனேற்றிய தேங்காய் எண்ணெயை மட்டும் செயற்கை உணவுடன் ஊட்டி முயலின் கொலஸ்ட்ரோலை ஏற்றிக் காட்டினர். இங்கே இரண்டு செய்திகள் ஒளிந்துள்ளன. முதலாவது, அது நமது அடுப்படிப் போத்தலிலுள்ள எண்ணெயன்று. தேங்காய் எண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே நிரம்பிய கொழுப்பு. உடலுக்குத் தேவையான லினோலெயிக் அமிலம் மிகச் சிறிதளவே உண்டு. முற்றாக ஐதரசனேற்றினால் அந்தச் சிறிதும் போய்விடும். அதற்குப் பிறகு அவ்விலங்கு அனுபவிப்பது கொழுப்பின் மிகுதியை மட்டுமன்று, ஒரு பற்றாக்குறையையும். இரண்டாவது, எதனுடன் கலந்து ஊட்டப்பட்டது என்பது. கிறிற்செவ்ஸ்கி 1960களில் இதைப் பரிசோதித்தார். நிரம்பிய கொழுப்பை முயல்களுக்கு வழமையாகப் போடும் தாவர உணவுடன் சேர்த்துக் கொடுத்தபோது தீங்கு நேரவில்லை. சுத்திகரித்த மாப்பொருளும் பாற்புரதமும் கொண்ட செயற்கை உணவுடன் சேர்த்தபோது நேர்ந்தது. கொழுப்பு ஒன்றுதான், பக்கத்திலிருந்த சாப்பாடு வேறு.

என்னைப் பொறுத்தவரை இந்த விடயத்தின் உயிர்நாடியே இதுதான். பெரியம்மா வீட்டிலே தேங்காய்ப்பால் கீரையோடும் முருங்கைக்காயோடும் பருப்போடும் உள்ளே போயிற்று. அதை நிறுத்திவிட்டு வெள்ளைப் பாணும் மாஜரினும் வைத்தோம். முயலுக்குச் செயற்கை உணவு போட்ட வேலையைத்தான் பெரியப்பாவுக்கும் செய்திருக்கிறோம்.

இதுவரை படித்த தேங்காய்ப் பக்தர்கள் கைதட்டத் தொடங்கியிருப்பார்கள். பொறுங்கள்.

ரொறன்ரோவில் எனக்கு ஒரு நண்பர். சேர்ந்து படித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து இரண்டு நாடிகளில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டற்றின் மாத்திரை நாள்தோறும் எடுக்கும்படி கட்டளை. அவர் தமிழ்ப் பேச்சொன்றைக் காணொளியிற் கேட்டார். பேசியவர் நம்மவர், நல்ல தமிழ், நல்ல குரல். கொலஸ்ட்ரோல் கோட்பாடே ஒரு முயலை ஏமாற்றிக் கட்டிய பொய், புல் தின்னியிடம் கொழுப்பைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும், மாத்திரையை எறிந்துவிட்டுக் காலையில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடியுங்கள் என்று அவர் சொன்னார். நண்பர் எறிந்தார், குடித்தார். ஒன்பதாம் மாதம் அவருடைய மனைவி அதிகாலையில் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, திரும்பவும் ஐசியூவில வைச்சிருக்கினம். அந்தக் காணொளிக்காரரை உங்களுக்குத் தெரியுமா? ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோவன்."

மாத்திரையை நிறுத்தியதால்தான் அது வந்தது என்று ஒற்றை மனிதரை வைத்து நான் நிரூபிக்க முடியாது. ஒற்றை முயலை வைத்து நிரூபிப்பவர்களைத் திட்டிக்கொண்டு அதை நான் செய்யவும் கூடாது. ஆனால் அந்தப் பேச்சிலிருந்த பொய்யை நிரூபிக்க முடியும்.

1973இல் ஜப்பானின் கோபே நகரில் வத்தனபே என்ற ஆய்வாளர் தமது முயல்களில் ஒன்றின் இரத்தத்திற் கொலஸ்ட்ரோல் அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்தார். அதற்கு யாரும் கொழுப்பு ஊட்டவில்லை. மற்ற முயல்கள் தின்றதையே அதுவும் தின்றது. அதன் வழித்தோன்றல்களைப் பெருக்கிப் பார்த்தபோது, சாதாரண உணவிலேயே அவற்றின் நாடிகள் அடைத்தன. இரத்தத்திலுள்ள எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கி, அவற்றின் கலங்களிற் பிறவியிலேயே பழுதாகியிருந்தது. அதே பழுதுடன் பிறக்கும் மனிதக் குழந்தைகள் இருக்கிறார்கள். இருபக்கமும் அதைப் பெற்றுப் பிறந்தால் பதின்ம வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். இந்த வாங்கியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. புல் தின்னி கொழுப்பைத் தின்றதால்தான் எல்லாம் என்ற வாதம் வத்தனபேயின் முயலிடம் எடுபடாது. அது தன் உணவைத்தான் தின்றது, இரத்தத்தில் எல்.டி.எல். ஏறியதே அதன் நாடியை அடைத்தது.

ஸ்டற்றின் மாத்திரையின் கதையோ இன்னும் சுவையானது. அக்கிரா என்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி, கொலஸ்ட்ரோல் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973இல் ஒரு நீலப் பச்சைப் பூஞ்சணத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். எலிகளுக்குக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. எலியின் இரத்தத்தில் எல்.டி.எல். மிகக் குறைவு, குறைக்க அங்கே என்ன இருக்கிறது? மருந்து அத்தோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. வேறொரு சகா முட்டையிடும் கோழிகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1976இல் அக்கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரோல் ஏறத்தாழப் பாதியாகியது. பிறகு நாய், பிறகு குரங்கு, பிறகு மனிதர். 1987இல் அமெரிக்காவில் முதலாவது ஸ்டற்றின் விற்பனைக்கு வந்தது. என்டோ 2024இற் காலமானார். எலியோடு நின்றிருந்தால் அந்த மருந்தே இல்லை. எந்த விலங்கு என்ற கேள்வி உயிர்களைக் காப்பாற்றிய கேள்வி. காணொளிக்காரர் அதை ஒரு கேலிக்குப் பயன்படுத்துகிறார்.

இனி மனிதரைப் பார்ப்போம், ஏனெனில் மனிதரைப் பற்றிய சாட்சியம் கையிலிருக்கும்போது முயலோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. நமது நாட்டிலேயே பேராதனையில் சாந்தி மெண்டிஸ் அம்மையார் இளைஞர்களின் உணவில் தேங்காய்க் கொழுப்புக்குப் பதிலாகச் சோயா எண்ணெயைக் கொடுத்து 1990இல் முடிவை வெளியிட்டார். சோயாவுக்கு மாறியபோது கொலஸ்ட்ரோல் இறங்கியது. நல்ல கொலஸ்ட்ரோலும் சேர்ந்தே இறங்கியது. 2020இல் பதினாறு மனிதப் பரிசோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஆய்வொன்று, வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்றும், நல்ல கொலஸ்ட்ரோலைச் சுமார் 4 கூட்டுகிறது என்றும் காட்டியது. நஞ்சுக்குரிய கணக்கு இதுவன்று. அமிர்தத்துக்குரிய கணக்கும் இதுவன்று. ஏற்கெனவே நாடியடைத்த ஒருவர் மாத்திரையை எறிந்துவிட்டுக் காலையிற் கரண்டி கரண்டியாகக் குடிக்கத்தக்க பொருளல்ல என்பதற்கு மட்டும் இது தாராளமாகப் போதும்.

பசிபிக் தீவுக் கதையையும் அவர்கள் விடுவதில்லை. டொக்கெலாவ் தீவு மக்கள் தம் சக்தியில் 63 வீதத்தைத் தேங்காயிலிருந்தே பெற்றும் இதய நோய் அரிதாக இருந்தது என்பது 1981இல் வெளியான ஆய்வு, உண்மைதான். அதே ஆய்வில், தேங்காயிலிருந்து 34 வீதமே பெற்ற புக்காபுக்கா தீவாரைவிட டொக்கெலாவ் மக்களின் கொலஸ்ட்ரோல் 35 முதல் 40 மில்லிகிராம் வரை கூடுதலாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறது. முதற்பாதியைப் படித்தவர்கள் மறுபாதியை ஏன் படிப்பதில்லை? அந்த மக்கள் மீன் பிடித்தார்கள், பலாவின் உறவான ஈரப்பலாவைத் தின்றார்கள், வள்ளம் வலித்தார்கள். ஸ்காபரோவில் நாற்காலியில் இருந்து வரிக்கணக்குப் பார்ப்பவருக்கு அவர்களுடைய தேங்காய் மட்டும் தனியே வந்து உதவுமா?

2018இல் ஜேர்மனியின் ஃபிறைபேர்க் நகரில் ஒரு பேராசிரியை தேங்காய் எண்ணெயைத் தூய நஞ்சு என்று விரிவுரையிற் சொல்ல, அது உலகத் தலைப்பானது. நமது பத்திரிகைகளும் இணையத்தளங்களும் போட்டி போட்டுக்கொண்டு வெளியிட்டன. மறுவாரம் அதே ஆர்வத்துடன் மறுப்புகளையும் வெளியிட்டன. இரு வாரமும் வாசகர் தொகை ஏறியது. எவ்வளவு எண்ணெய், யாருக்கு, எதற்குப் பதிலாக என்ற கேள்விகளுக்கு மட்டும் இரு வாரமும் இடமிருக்கவில்லை. முயலை வெட்டிய அந்தச் செய்தி ஆசிரியராவது இரண்டு பத்தி அகலத்தைச் சாட்டுச் சொல்லலாம். இணையத்தில் அகலத்துக்கு என்ன பஞ்சம்?

நண்பர் வீடு திரும்பிவிட்டார். மாத்திரையை மீண்டும் எடுக்கிறார். பிட்டுக்குத் தேங்காய்ப்பூ போடலாமா என்று என்னிடம் கேட்டார். மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன், கொஞ்சம் போடலாம் என்றாராம்.

அவருடைய மனைவி கேட்டபடி காணொளிக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வத்தனபேயின் முயல் என்ன தின்றது, டொக்கெலாவ் மக்களின் கொலஸ்ட்ரோல் எவ்வளவு, உங்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று மூன்று கேள்விகள். ஐந்து வாரமாகிறது. பதில் இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை புதிய காணொளியொன்று போட்டிருக்கிறார், இம்முறை நெய்யைப் பற்றி.